தப்பிப் பிழைத்த மாத்திரை

இந்த மாத்திரையைச் சாப்பிட ஆரம்பித்தவர்களுக்கு முதலில் வருவது சிறுநீரைப் பற்றிய பயம். சில வேளை மருந்து உள்ளே போனதும் சிறுநீர் அடர்மஞ்சளாகவோ செம்பழுப்பாகவோ மாறும். மஞ்சள்காமாலை வந்துவிட்டதா, கிட்னி போய்விட்டதா என்று பதறிப்போவார்கள். பயப்பட ஒன்றுமில்லை. மருந்தே இயல்பில் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறமுள்ளது. உடலைவிட்டு வெளியேறும்போது அந்த நிறமும் கூடவே வருகிறது. மருந்துச்சீட்டு எழுதும்போதே இதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். பல இடங்களில் சொல்வதில்லை.

மருந்தின் பெயர் எபால்ரெஸ்டாட். சர்க்கரை நோயில் கால் மதமதத்து, எரிந்து, கடைசியில் மரத்துப்போகிறதே, அந்த நரம்புச் சேதத்துக்காக எழுதப்படுவது. நம்மூர் மெடிக்கல் ஷாப்பில் 50 மில்லிகிராமாகவும் மெல்லக் கரையும் 150 மில்லிகிராமாகவும் கிடைக்கிறது. ஜப்பானிலும் சீனாவிலும் உண்டு. அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ எந்த மருந்துக்கடைக்குப் போனாலும் கிடைக்காது. அங்கே அதற்கு அனுமதியே கொடுக்கப்படவில்லை. ஒரே நோய், ஒரே நரம்பு, ஒரே மருந்து. பாதி உலகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது, மீதிப் பாதி கண்டுகொள்ளவே இல்லை. இந்த நிலை எப்படி வந்தது என்று தேடிப் போனால் எழுபது எண்பது ஆண்டுகள் பின்னால் போக வேண்டியிருக்கிறது. அதுவும் சர்க்கரை நோய்க்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இடத்துக்கு.

1946-ல் கேம்பிரிட்ஜில் தாடியஸ் மான் என்ற உயிர்வேதியியலாளர், விந்துவில் இருக்கும் சர்க்கரை குளுக்கோஸ் அல்ல, ஃப்ரக்டோஸ் என்று கண்டுபிடித்தார். பழங்களில் இருக்கும் அதே சர்க்கரைதான் விந்தணு நீந்துவதற்கான எரிபொருள். ஆனால் ரத்தத்தில் ஓடுவது குளுக்கோஸ். அப்படியானால் உடல் எங்கோ ஓரிடத்தில் ஒன்றை இன்னொன்றாக மாற்றுகிறது. அந்த வழியை 1956-ல் பெல்ஜியத்தின் ஹென்றி ஜெரி ஹெர்ஸ் கண்டறிந்தார். விந்துப்பையில் குளுக்கோஸ் முதலில் சார்பிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலாக மாறுகிறது. பிறகு சார்பிட்டால் ஃப்ரக்டோஸ் ஆகிறது. முதல் படியைச் செய்யும் நொதி ஆல்டோஸ் ரிடக்டேஸ்.

சார்பிட்டால் அதற்கு முன்பே தெரிந்த பொருள்தான். 1872-ல் பிரெஞ்சு வேதியியலாளர் பூசங்கோ அதை ஒரு மலைமரத்தின் பழத்திலிருந்து பிரித்தெடுத்திருந்தார். இன்று சுகர் ஃப்ரீ மிட்டாயிலும் இருமல் மருந்திலும் இருக்கிறது. இங்கே ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவது நல்லது: இந்தக் கதையின் வில்லன் நாம் வாயால் சாப்பிடும் சார்பிட்டால் அல்ல. செல்லுக்குள்ளேயே குளுக்கோஸிலிருந்து தயாராகி, வெளியேற வழியில்லாமல் தங்கிவிடுவதுதான்.

அது அப்படித் தங்குவதை முதலில் பார்த்தவர் ஆக்ஸ்ஃபோர்டின் ரூத் வான் ஹேனிங்கன். சர்க்கரை நோய் வரவழைத்த எலிகளுக்குக் கண்புரை விழுவது தெரிந்த விஷயம். அந்த எலிகளின் விழிலென்ஸை எடுத்துப் பார்த்தபோது உள்ளே சார்பிட்டால் சேர்ந்திருந்தது. 1959-ல் நேச்சர் இதழில் அதைச் சுருக்கமாக எழுதினார். அமெரிக்காவில் ஜின் கினோஷிட்டா அந்த நூலைப் பிடித்துக்கொண்டு 1960-களில் மேலே போனார். சார்பிட்டால் செல்லின் சவ்வைத் தாண்டி எளிதில் வெளியேறாது. உள்ளே சேரச் சேரத் தண்ணீரை இழுக்கும். இரவெல்லாம் ஊறிய கொண்டைக்கடலையாக விழிலென்ஸின் இழைகள் உப்பும், பிறகு வெடிக்கும், லென்ஸ் மங்கிவிடும். நொதியைத் தடுக்கும் ஒரு வேதிப்பொருளைச் சேர்த்தால் லென்ஸ் உப்புவதில்லை என்பதையும் அவர் குழு காட்டியது.

1966-ல் கென்னத் கபேயும் உடன் பணியாற்றியவர்களும் இதே சார்பிட்டால் நரம்பிலும் முதுகுத்தண்டிலும் சேர்வதை சயின்ஸ் இதழில் வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு இது கண்புரையோடு நிற்கும் சங்கதியாக இல்லை. நரம்பு, விழித்திரை, சிறுநீரகம், ரத்தக்குழாயின் உள்சுவர் என்று சர்க்கரை நோய் எங்கெல்லாம் கை வைக்கிறதோ அந்த உறுப்புகளுக்கெல்லாம் ஒரு பொதுத்தன்மை உண்டு. தசையிலும் கொழுப்பிலும் குளுக்கோஸ் நுழைய இன்சுலின் கதவைத் திறக்க வேண்டும். இந்த உறுப்புகளில் கதவே கிடையாது. ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறதோ அவ்வளவும் தானாக உள்ளே வரும். வழக்கமான அளவில் இருக்கும்போது ஆல்டோஸ் ரிடக்டேஸ் குளுக்கோஸை அவ்வளவாகச் சீண்டுவதில்லை. அதற்குக் குளுக்கோஸ் மேல் பெரிய பற்று கிடையாது. அளவு மீறும்போதுதான் வேலையில் இறங்குகிறது.

ஒரு நோயின் நாலைந்து சிக்கல்களுக்கும் ஒரே ஒரு நொதி காரணம் என்றால், அந்த ஒன்றை அடைத்துவிட்டால் போதுமே! ரத்தச் சர்க்கரை ஏறினாலும் இறங்கினாலும் கண்ணும் காலும் கிட்னியும் தப்பிவிடும். மருந்து நிறுவனங்களுக்கு இதைவிடப் பெரிய ஆசை காட்ட முடியாது. 1973-ல் மாண்ட்ரியலின் ஏயர்ஸ்ட் ஆய்வகம் அல்ரெஸ்டாட்டின் என்ற முதல் மருந்தைக் கொண்டுவந்தது. எலியில் வேலை செய்தது. மனிதருக்கு வலு போதவில்லை. அடுத்து ஃபைசரின் சார்பினில். 1983-ல் 39 நோயாளிகளுக்கு ஒன்பது வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். காலின் ஒரு நரம்பில் மின்துடிப்பு ஓடும் வேகம் நொடிக்கு 0.7 மீட்டர் கூடியது.

இந்த 0.7-ஐக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆரோக்கியமான கை நரம்பில் மின்துடிப்பு நொடிக்கு ஏறக்குறைய 50 மீட்டருக்கு மேல் ஓடும். கால் நரம்பில் சற்றுக் குறைவு. அதில் 0.7 என்பது கருவிக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது. "எரிச்சல் குறைஞ்சிருக்கா ஐயா?" என்று கேட்டால் நோயாளிக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. ஆனால் அறிவியலுக்கு அது பெரிய செய்தி. ஒரு மாத்திரை நரம்பின் போக்கையே அசைத்திருக்கிறது என்பதற்கு அதுதான் மனிதரிடம் கிடைத்த முதல் தடயங்களில் ஒன்று. 1988-ல் இன்னும் உறுதியான ஒன்று வந்தது. கணுக்காலருகே ஒரு சிறு நரம்பைத் துண்டெடுத்துப் பார்த்தபோது, ஓராண்டு சார்பினில் சாப்பிட்டவர்களிடம் புதிதாகத் துளிர்க்கும் நரம்பிழைகளின் பங்கு 3.8 மடங்கு ஆகியிருந்தது. மருந்தின் பக்கம் இருந்தவர்கள் கொண்டாடினார்கள்.

கொண்டாட்டம் நீடிக்கவில்லை. 497 பேரை வைத்து விழித்திரைக்கான பெரிய சோதனை நடந்தது. 1990-ல் வந்த முடிவில் சார்பினில் கண்ணைக் காப்பாற்றியதாகத் தெரியவில்லை. போதாக்குறைக்கு மருந்து சாப்பிட்டவர்களில் சுமார் 7 சதவீதம் பேருக்குக் காய்ச்சலும் உடல் முழுக்கத் தடிப்புமாக ஒவ்வாமை வந்தது. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயினில் இருக்கும் அதே வகை வேதி வளையம் சார்பினிலிலும் இருக்கிறது. ஃபெனிட்டாயினும் தடிப்புக்குப் பேர்போனதுதான். 1993-ல் நாய்களில் நடந்த நீண்ட ஆய்வும் விழித்திரை விஷயத்தில் கையை விரித்தது. எலியின் லென்ஸில் ஆல்டோஸ் ரிடக்டேஸ் ஏராளம், மனித லென்ஸில் அவ்வளவு கிடையாது என்ற வித்தியாசமும் அதற்குள் தெளிவாகியிருந்தது. மருந்தாராய்ச்சியில் எலியை நம்பி நடு வழியில் நின்ற கதைகளில் இதுவும் ஒன்று.

அடுத்து டோல்ரெஸ்டாட். இது சில நாடுகளில் கடைக்கே வந்துவிட்டது. கல்லீரல் செயலிழந்து சிலர் இறந்ததும் 1996-ல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. பொனால்ரெஸ்டாட் பலனில்லை என்று கைவிடப்பட்டது. ஜெனரெஸ்டாட் கிட்னியைச் சோதித்ததால் நிறுத்தப்பட்டது. ஆனால் போவதற்கு முன் 1999-ல் முக்கியமான ஓர் உண்மையைச் சொல்லிவிட்டுப் போனது: நரம்பில் சேர்ந்த சார்பிட்டாலை 80 சதவீதத்துக்கு மேல் குறைத்தால்தான் நரம்பிழைகளின் எண்ணிக்கை தேறுகிறது. பாதியளவு தடுத்தால் பாதியளவு பலன் வரும் என்று நினைத்துக் கொடுத்த பழைய அளவுகள் பலவும் பற்றாதவை என்று ஆனது. அளவைக் கூட்டினாலோ கல்லீரலும் கிட்னியும் முறைத்தன.

இந்தப் பிணக்குவியலுக்கு நடுவில் ஒசாகாவிலிருந்து வந்ததுதான் நம் மாத்திரை. அந்த நகரத்தின் தோஷோமாச்சி, நூற்றாண்டுக் கணக்கில் மருந்து வணிகர்களின் தெரு. டாகேடா, ஷியோனோகி போன்ற பெரிய நிறுவனங்களெல்லாம் அங்கே முளைத்தவை. இந்த மாத்திரையை உருவாக்கிய ஓனோ நிறுவனமும் 1717-ல் அதே தெருவில் ஒரு மருந்துக்கடையாகத் தொடங்கியது. (பின்னாளில் புற்றுநோய்க்கான நிவோலுமாப் மூலம் உலகறிந்த அதே ஓனோதான், அதற்கு அடித்தளமிட்ட தசுகு ஹோன்ஜோவுக்கு 2018-ல் நோபல் கிடைத்தது.) ஓனோவின் வேதியியலாளர்கள் உருவாக்கிய எபால்ரெஸ்டாட், 1992-ல் கினெடாக் என்ற பெயரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. ஒரு வேளைக்கு 50 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை, சாப்பாட்டுக்கு முன்.

இது தன் அண்ணன்மார்களைவிட வலுவான மருந்தா என்று கேட்டால், ஆமாம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. இதன் பெரிய தகுதி, டோல்ரெஸ்டாட்டைப்போலத் திரும்பப் பெற வேண்டிய நிலை வராதது. வயிற்றைப் புரட்டும், சிலருக்குக் கல்லீரல் நொதிகள் ஏறும், சிறுநீர் நிறம் மாறும், பெரும்பாலும் அவ்வளவில் நின்றது. மருந்துகளின் உலகில் நீடித்து வாழ்வதற்குப் பல சமயம் அதுவே போதும்.

அதன் பெயரைக் காப்பாற்றிய சோதனை 2006-ல் டயபடிஸ் கேர் இதழில் வந்தது. ஜப்பானில் நிகிஷி ஹோட்டா தலைமையில் 594 பேர், மூன்று ஆண்டு. ஒரு பிரிவுக்கு எபால்ரெஸ்டாட், மற்றொன்றுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மூன்று ஆண்டு முடிவில் மருந்து எடுக்காதவர்களின் கை நரம்பு வேகம் குறைந்திருந்தது. எடுத்தவர்களிடம் ஏறக்குறைய அப்படியே நின்றது. இரு பிரிவுக்கும் இடைவெளி நொடிக்கு 1.6 மீட்டர். மரத்துப்போதல், தசைப்பிடிப்பு போன்ற தொந்தரவுகளும் குறைந்தன. சர்க்கரை கட்டுக்குள் இருந்தவர்களிடமும், கண்ணும் கிட்னியும் அதிகம் கெடாதவர்களிடமும் பலன் கூடுதலாகத் தெரிந்தது. ஜப்பானுக்கு இது போதுமானதாக இருந்தது. மேற்கு நாடுகள் ஒரு குறையைச் சுட்டின: யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்பது மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரிந்தே நடந்த சோதனை இது, போலி மாத்திரை கொடுத்து ஒப்பிடவில்லை. அடுத்த ஆண்டு வந்த காக்ரேன் ஆய்வு, இந்த வகை மருந்துகளின் முப்பதுக்கும் மேற்பட்ட சோதனைகளை ஒன்றுதிரட்டிப் பார்த்துவிட்டு, ஒட்டுமொத்தமாகப் பலன் நிரூபணமாகவில்லை என்று முடித்தது.

இரு தரப்பும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அளந்த கோலைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. இடுப்பிலிருந்து கால் கட்டைவிரல் வரை போகும் நரம்பிழை ஒரு மீட்டர் நீளம். உடலில் இவ்வளவு நீளமான செல் வேறில்லை. அதனால்தான் சர்க்கரை நோய் முதலில் பாதத்தைப் பிடிக்கிறது. அந்த இழைக்குச் சோறு போடுவது மயிரிழையினும் மெல்லிய ரத்தக்குழாய்கள். அவை அடைபட்டால் நரம்பு பட்டினி கிடக்கும். நரம்புச் சிக்கல், ரத்தக்குழாய்ச் சிக்கல் என்று பாடப்புத்தகம் இரண்டாகப் பிரித்து எழுதினாலும் பாதத்தில் அவை ஒன்றாகவே நடக்கின்றன. பத்துப் பதினைந்து ஆண்டுகளாகக் கெட்ட இழை மீண்டும் வளர்ந்தால் நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும். அதற்கு ஆறு மாதச் சோதனை வைத்துப் பலன் இல்லை என்று எழுதியவர்கள் எத்தனையோ பேர்.

இன்னொரு சங்கடமும் சேர்ந்துகொண்டது. 1993-ல் வட அமெரிக்காவில் 1,441 பேரை வைத்து நடந்த புகழ்பெற்ற ஆய்வு, இன்சுலினால் சர்க்கரையை இறுக்கிக் கட்டுப்படுத்தினால் முதல் வகை நோயாளிகளுக்கு நரம்புச் சேதம் 60 சதவீதம் குறைகிறது என்று காட்டியது. அதன்பின் சோதனையில் சேரும் எல்லோருக்கும் நல்ல கட்டுப்பாடு கொடுக்க வேண்டியதாயிற்று. போலி மாத்திரை சாப்பிடுபவருக்கும்தான். அவருடைய நரம்பும் இரண்டு மூன்று ஆண்டில் பெரிதாகக் கெடுவதில்லை. கெடாத நரம்போடு ஒப்பிட்டு மருந்தின் வலிமையைக் காட்டுவது எப்படி?

கருத்தும் இதற்கிடையில் உருமாறிவிட்டது. நரம்பில் சேரும் சார்பிட்டால் அதை வெடிக்கவைக்கும் அளவுக்கு இல்லை. லென்ஸின் கதை வேறு, நரம்பின் கதை வேறு. மைக்கேல் பிரௌன்லீ 2001-ல் எழுதிய, இன்றும் மாணவர்கள் படிக்கும் கட்டுரை வேறொரு விளக்கத்தை எடுத்துச் சொன்னது. குளுக்கோஸைச் சார்பிட்டாலாக்கும்போது அந்த நொதி ஒரு துணைப்பொருளைச் செலவழிக்கிறது. செல் தன் துருவைப் போக்கிக்கொள்ள உதவும் குளுட்டதயோனைப் புதுப்பிப்பதற்கும் அதே துணைப்பொருள்தான் வேண்டும். ஒரு வேலைக்கு அதிகம் செலவழிந்தால் மற்றதற்கு மிஞ்சாது. ஆக சார்பிட்டால் மட்டுமே குற்றவாளி என்ற பழைய வழக்கு தளர்ந்து, பல பாதைகளில் ஒன்று என்ற நிலை வந்தது. பிரௌன்லீக்கே முதல் வகை சர்க்கரை நோய் உண்டு. தன் நோயின் உள்வேலையையே ஆராய்ந்தவர்.

இந்தியாவுக்கு வந்தபின் மாத்திரை தனியாக நடமாடுவது குறைந்துவிட்டது. மெத்தில்கோபாலமின், பிரிகாபலின் என்று துணைகளோடு ஒரே உறையில் வருகிறது. மூன்று நாலு சரக்கை ஒன்றாகத் திணிப்பது நம் மருந்து வணிகத்தின் பழக்கம். கால் தேறினால் எது தேற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது. தலைசுற்றினால் எதை நிறுத்துவது என்றும் தெரியாது. இதில் ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. பிரிகாபலினும் டுலாக்செட்டினும் வலிக்கான மருந்துகள். இரண்டுக்கும் 2004-ல் அமெரிக்கா இந்த நோயின் வலிக்கென்று அனுமதி கொடுத்தது. அவை வலிச் செய்தியை அடக்கும், நரம்பைச் செப்பனிடாது. எபால்ரெஸ்டாட் நரம்பு மேலும் கெடாமல் தடுக்கப் பார்ப்பது. இன்று ராத்திரி எரியும் காலுக்கு அது உடனடி மருந்து அல்ல. "ஒரு மாசம் சாப்பிட்டேன், ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்துபவர்கள் பெரும்பாலும் ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் எதிர்பார்த்தவர்கள். மரத்துப்போன பாதத்தில் செருப்புக் கடித்த புண்ணைத் தினமும் குனிந்து பார்ப்பதற்கு ஈடாக எந்த மாத்திரையும் இதுவரை வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதோடு கதை முடிந்துவிட்டது என்றுதான் மேற்கில் பலரும் நினைத்திருந்தார்கள். 2019-ல் மாத்திரை எதிர்பாராத ஒரு வீட்டில் தலைகாட்டியது. பிறவியிலேயே புரதங்களில் சர்க்கரைச் சங்கிலி சரியாக ஒட்டாத ஓர் அரிய நோய் உண்டு. அதைப் புழுவில் உருவாக்கி, ஏற்கெனவே இருக்கும் மருந்துகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வாளர்களுக்கு எபால்ரெஸ்டாட் அகப்பட்டது. குழந்தைகளிடம் அதைச் சோதிப்பது அங்கிருந்து தொடங்கியது. ஜப்பானில் அதற்குள் இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் புழக்கத்தில் இருந்ததால், பாதுகாப்பைப் பற்றிக் கேட்டவர்களுக்குப் பதில் தயாராக இருந்தது.

அடுத்த ஆண்டு வந்த செய்தி இன்னும் நேரடியானது. ஆண்ட்ரியா கோர்ட்டேஸும் ஸ்டீஃபன் சுக்னரும் அடங்கிய குழு, காரணம் தெரியாமல் பரம்பரையாகக் கால் நரம்பு நலியும் குடும்பங்களின் மரபணுக்களை அலசியது. 38 குடும்பங்களைச் சேர்ந்த 45 பேரிடம் ஒரே மரபணு பழுதாகியிருந்தது. அது சார்பிட்டாலை ஃப்ரக்டோஸாக்கும் நொதிக்கானது. ஹெர்ஸ் 1956-ல் விவரித்த பாதையின் இரண்டாவது படி. அந்தப் படி அடைபட்டதால் அவர்கள் ரத்தத்தில் சார்பிட்டால் இயல்பைப்போல நூறு மடங்கு அளவுக்கு இருந்தது. அவர்களுக்குச் சர்க்கரை நோய் இல்லை. சர்க்கரை இல்லாமலே, சார்பிட்டால் தேங்கிய நரம்பு நலிகிறது என்பதை இயற்கையே ஒரு சோதனையாக நடத்திக் காட்டியிருந்தது. அதே பழுதைப் பழ ஈயில் உண்டாக்கி ஆல்டோஸ் ரிடக்டேஸைத் தடுக்கும் மருந்துகளைக் கொடுத்தபோது ஈக்கள் தேறின; கொடுத்த மருந்துகளில் எபால்ரெஸ்டாட்டும் ஒன்று.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் இந்தப் பரம்பரை நோய் வரும். சொந்தத்துக்குள் பெண் எடுத்துப் பெண் கொடுக்கும் நம் ஊரில், சர்க்கரை இல்லாத இளைஞர் கால் சரிந்து நடக்கிறார் என்றால் நரம்பு மருத்துவர்கள் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பரம்பரை நரம்பு நோய்களில் மருந்து இருக்கக்கூடும் என்று நம்ப இடமுள்ளவை மிகக் குறைவு; இது அவற்றில் ஒன்று.

புதிய தலைமுறைத் தடுப்பு மருந்துகளும் வந்துகொண்டிருக்கின்றன. கோவோரெஸ்டாட் என்ற ஒன்று, காலக்டோஸை உடல் பயன்படுத்திக்கொள்ள முடியாத பிறவி நோய்க்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் வாசல் வரை போய், 2024 நவம்பரில் அனுமதி கிடைக்காமல் திரும்பியது. இந்தப் பரம்பரை நரம்பு நோயாளிகளிடமும் அதைச் சோதித்திருக்கிறார்கள். சர்க்கரை நோயாளியின் நரம்புக்கு இதெல்லாம் எவ்வளவு பொருந்தும் என்பதில் ஒரு முடிச்சு பாக்கி. சர்க்கரை நோயில் முதலில் போவது உணர்ச்சி: பாதம் மரக்கிறது, முள் குத்தினாலும் தெரிவதில்லை. சார்பிட்டால் மட்டும் தேங்கியவர்களுக்கோ முதலில் போவது வலு: உணர்ச்சி பெரும்பாலும் இருக்கிறது, முன்பாதத்தைத் தூக்க முடிவதில்லை. ஒரே சரக்கு இரு வகை இழைகளில் வெவ்வேறாக வேலை செய்கிறதா, அல்லது சர்க்கரை நோயின் மதமதப்புக்கு வேறொரு காரணமும் கூட நிற்கிறதா என்பதைத்தான் இப்போது ஆய்வகங்கள் பிரித்துப் பார்க்க முயல்கின்றன.